மறு: ‘ரெகன்சைல்’ பொத்தானுக்குத் தமிழ்: ‘ஒத்துப்பார்’ என்று வைப்போம்

குழுவினருக்கு வணக்கம்.

சிறு கடைகளுக்கான கணக்கு மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘ரெகன்சைல்’ (reconcile: வங்கி தரும் வரவு செலவு விவரத்தையும் நம் கணக்கையும் வரி வரியாக வைத்துப் பார்ப்பது) என்று வரும் இடத்துக்கு இந்த இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. அண்ணாச்சி சொன்னது ‘சரிக்கட்டு’. தங்கச்சி சொன்னது ‘இணக்கம் செய்’. எந்திர மொழிபெயர்ப்பு போட்டுவிட்டுப் போன ‘சமரசம் செய்’ இன்னும் கோப்பில் அப்படியே கிடக்கிறது. மூன்றும் வேண்டாம், ‘ஒத்துப்பார்’ என்று வைப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணக்கம், சமரசம் இரண்டும் மனக்கசப்பில் இருக்கும் இருவருக்கு உரியவை. வங்கிக்கும் கடைக்காரருக்கும் அப்படி எதுவும் இல்லை. இவற்றை விட்டுவிடலாம்.

‘சரிக்கட்டு’தான் யோசிக்க வேண்டியது. மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலில் ‘வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்’ இருக்கிறது, வணிகவியல் எடுத்த பிள்ளைகளுக்கு அது பழகிய சொல் என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். நியாயமான வாதம். புழக்கத்தில் இருப்பதை மாற்றுவதென்றால் வலுவான காரணம் வேண்டும். எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, அந்தச் சொல்லுக்குப் பாடநூலிலேயே இன்னொரு வேலை இருக்கிறது. கொடுபட வேண்டிய சம்பளம், தேய்மானம் என்று ஆண்டு முடிவில் புதிதாக எழுதிச் சேர்ப்பவற்றுக்கும் ‘சரிக்கட்டுப் பதிவு’ என்றுதான் பெயர். அங்கே கணக்கு மாறுகிறது. வங்கி விவரத்தையும் நம் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போடும்போது எதுவும் மாறுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறோம். ஒரே மென்பொருளில் இரண்டு வேலைகளுக்கும் பட்டி (மெனு) இருக்கும். இரண்டிலும் ஒரே சொல் நின்றால் எது எதுவென்று யாருக்குப் புரியும்?

இரண்டாவது, நம் ஊர்ப் பேச்சு. ‘ஆளைச் சரிக்கட்டியாச்சு’ என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. ‘கணக்கைச் சரிக்கட்டு’ என்று ஒரு பொத்தான் சொன்னால், உதைக்கிற தொகையை எங்கேயாவது தள்ளி நேராக்கச் சொல்கிறது என்றுதான் கல்லாவில் இருக்கிற பையன் எடுத்துக்கொள்வான். திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, பேட்டைப் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கல்லாவில் 340 ரூபாய் குறைந்தால் ‘சில்லறைச் செலவு 340’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவதை நிறையப் பார்க்கிறேன். அந்த 340 எங்கே போனது என்று தேடுவதற்காகத்தான் இந்தப் பொத்தானே இருக்கிறது. மூடிவைக்கச் சொல்லும் பெயரை அதற்கு வைக்கக் கூடாது.

பத்தமடைப் பாய் விற்கும் ஓர் அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். மணமக்கள் பெயர் போட்டு நெய்யும் கல்யாணப் பாய்க்கு முன்பணம் வாங்குவார். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஆளுக்கு 1,500 அனுப்பியிருந்தார்கள். ஆர்டர் நோட்டில் இருப்பது பெண்ணின் அப்பா பெயர். வங்கி விவரத்தில் வந்திருப்பது தாய்மாமன் பெயர். பெயரை வைத்துப் பார்த்தால் பொருந்தாது, தொகையை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. யுபிஐ பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்திலும் அது இருக்கும், வங்கி விவரத்திலும் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் யார் பணம் எது என்று தெரிந்தது. ஆர்டர் நோட்டில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் போடச் சொன்னேன். இப்போது விரிதாளில் ஒரு விலுக்கப் (VLOOKUP, ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுப்பது) வாய்ப்பாடே வேலையை முடித்துவிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, கருவிகளுக்குக் கையேடு எழுதுகிறவர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும். வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பில் இந்த எண் தனி நெடுவரிசையில் வந்தால், அதை எக்செலில் நேரே திறக்கும்போது 12 இலக்கமும் 5.12E+11 என்ற மாதிரி சுருங்கித் தெரியும். அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் எண் போனது போனதுதான். லிபரே ஆஃபிஸ் கால்க்கில் கோப்பைத் திறக்கும் பெட்டியிலேயே அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று மாற்றிவிடலாம். கூகுள் ஷீட்ஸில் இறக்குமதி செய்யும்போது எழுத்தை எண்ணாக மாற்றும் தேர்வை எடுத்துவிட வேண்டும். அப்புறம், ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் உரையாகவும் இருந்தால் வாய்ப்பாடு ஒன்றையும் கண்டுபிடிக்காது. இரண்டு பக்கமும் உரையாகவே இருக்கட்டும்.

பலசரக்குக் கடைகளில் நிலைமை வேறு. வணிகர் கியூஆர் அட்டை கொடுக்கும் சில செயலிகள் நாள் வசூலைச் சேர்த்து ஒரே தொகையாக, சில நேரம் மறுநாள்தான் வங்கியில் போடும். வங்கி விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் விளங்காது. செயலியிலிருந்து அன்றைய பரிமாற்றப் பட்டியலை இறக்கி நடுவில் வைக்க வேண்டும். சிட்டையை (கடையின் அன்றாடக் கணக்கை) அந்தப் பட்டியலோடும், பட்டியலை வங்கியோடும் பார்க்க வேண்டும். அட்டை தேய்த்து வந்த பணத்தில் வங்கிக் கட்டணம் கழிந்திருக்கும், அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கேதான் உண்மையிலேயே ஒரு சரிக்கட்டுப் பதிவு வருகிறது. பார்த்து முடித்த பிறகு, காரணம் தெரிந்த பிறகு. இரண்டு சொற்களும் தனித்தனியாக இருந்தால் இந்த வரிசையும் கடைக்காரருக்குத் தானாகவே பிடிபடும்.

ஜிஎஸ்டியிலும் இதே வேலைதான். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வாக்கில் ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் வருகிறது. நமக்குச் சரக்குக் கொடுத்தவர் தன் கணக்கில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். 2022 ஜனவரி முதல், அவர் காட்டாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. ஆகவே நம் கொள்முதல் ஏட்டையும் அதையும் ஒத்துப்பார்க்காமல் தீராது. பில் எண்ணை நாம் ‘45’ என்றும் அவர் ‘045/24-25’ என்றும் எழுதியிருந்தால் எந்தக் கருவியும் திணறும். பில்லில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் அப்படியே ஏற்றுவதுதான் வழி. இந்த இடத்தில் ‘சரிக்கட்டு’ என்று எழுதியிருந்தால், தளத்தில் இல்லாத பில்லைத் தன் ஏட்டிலிருந்தும் அடித்துவிடுகிற ஆபத்து இருக்கிறது. செய்ய வேண்டியது சரக்குக் கொடுத்தவருக்கு ஒரு போன் போடுவது.

‘ஒத்துப்பார்’ புதுச்சொல் இல்லை. படியெடுத்த பத்திரத்தை மூலத்தோடு ஒத்துப்பார்ப்பது என்று நம் பெரியவர்கள் சொல்வதுதான். சரிபார், சரிபார்ப்பு என்று வருவதுபோல ஒத்துப்பார், ஒத்துப்பார்ப்பு என்று வினையும் பெயரும் எளிதாக அமைகின்றன. சரிபார்ப்பையே இதற்கும் வைக்கலாமே என்றால், அது ஓடிபிக்கும் ஆவணங்களுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. ‘ஒப்பிடு’ விலை ஒப்பிடுவதற்கு ஆகிவிட்டது. ‘பொருத்து’ என்பதை வேறிடத்துக்கு வைத்துக்கொள்வோம்: கருவி தானாக ஒரு ஜோடியைக் காட்டி இது அதுதானா என்று கேட்கும் இடத்தில் ‘பொருத்து’. வேலை முழுவதற்கும் ‘ஒத்துப்பார்ப்பு’.

‘டேலி ஆகுதா’ என்றுதானே கடைத்தெருவில் பேசுகிறார்கள், அதையே வைத்தால் என்ன என்று தம்பி கேட்டிருந்தார். பேச்சில் இருக்கட்டும். ஆனால் அது ஒரு மென்பொருளின் பெயராகவும் இருப்பதால், வேறொரு மென்பொருளின் பொத்தானில் போட்டால் குழப்பம் வரும். ‘ஒத்து’ என்றதும் நாகசுரத்துக்குச் சுருதியாக ஊதும் ஒத்தும், ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற பேச்சும் நினைவுக்கு வரும் என்றும் ஒருவர் சொன்னார். நாகசுரக் கலைஞர் காருக்குறிச்சியார் பிறந்த சீமையில் அந்த நினைப்பு வருவது இயல்புதான். ஆனாலும் ‘பார்’ ஒட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

தமிழில் இன்னொன்றும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ‘அன்ரெகன்சைல்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன: இன்னும் யாரும் பார்க்காத வரி, பார்த்தும் ஜோடி கிடைக்காத வரி. கடைக்காரருக்கு இவை வேறு வேறு. முதலாவதற்கு அவர் உட்கார வேண்டும், இரண்டாவதற்கு யாரிடமாவது கேட்க வேண்டும். நாம் ‘பார்க்காதது’, ‘ஒத்துவராதது’ என்று பிரித்தே வைப்போம். ஜோடி சேர்ந்தது ‘ஒத்தது’. போன் திரையில் மூன்றும் ஒரே வரியில் அடங்கும் என்பதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். ‘லாஸ்ட் ரெகன்சைல்ட் ஆன்’ என்பது ‘கடைசியாக ஒத்துப்பார்த்த நாள்’ ஆகிறது. இது கொஞ்சம் நீளம்தான், இடம் பத்தாத திரைகளில் ‘ஒத்துப்பார்த்த நாள்’ போதும்.

க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் மட்டும் ஒரு முடிச்சு பாக்கி. அங்கே ஒவ்வொரு வரிக்கும் என், சி, ஒய் (n, c, y) என்று முக்கியமாக மூன்று நிலைகள். என், ஒய் இரண்டுக்கும் மேலே சொன்னவை பொருந்தும். நடுவில் உள்ள சி ‘கிளியர்ட்’, அதாவது பணம் வங்கியில் ஏறிவிட்டது, மாத முடிவில் விவரத்தோடு இன்னும் பார்க்கவில்லை என்ற நிலை. ‘ஏறியது’ என்று எழுதிப் பார்த்தேன். பற்றுக்கும் வரவுக்கும் பொதுவாக நிற்காது, காசோலை கொடுத்தால் பணம் இறங்கத்தானே செய்கிறது. வங்கியில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். கிளியரிங் பிரிவில் தமிழில் என்ன சொல்லிப் பழக்கம் என்று எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.