பிரெட்போர்டு சிபியு: புரோகிராம் கவுன்டர் எண்களைத் தாண்டுகிறது, உதவி தேவை

74எல்எஸ் வகை லாஜிக் சிப்களைப் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் வயர் செருகும் பலகை) வைத்து 8 பிட் கணினி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். புரோகிராம் கவுன்டராக, அதாவது அடுத்து எந்தக் கட்டளை என்று எண்ணிக்கொண்டு போகும் பகுதியாக, வைத்திருக்கும் 74எல்எஸ்161 சிப்பைத் தனியாக ஓட்டினால் 0 முதல் 15 வரை ஒழுங்காக எண்ணுகிறது, ஆனால் ரெஜிஸ்டர், ரேம், ஏஎல்யு (கணக்குப் போடும் பகுதி) பலகைகளையும் இணைத்துவிட்டால் 3-க்கு அப்புறம் 5, சில நேரம் நேராக 6 என்று தாவுகிறது. 555 டைமர் சிப்பில் செய்த கிளாக்கை (எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் நகர்த்தும் துடிப்பு) ஒவ்வொரு துடிப்பாகக் கையால் அழுத்தினாலும் இதேதான், அதனால் வேகம் காரணமில்லை.

சப்ளை 5 வோல்ட், 2 ஆம்பியர். கடைசிப் பலகையில் 4.4 வோல்ட்தான் இருந்தது, இந்தச் சிப்களுக்குக் குறைந்தது 4.75 வேண்டும், எனவே ஒவ்வொரு பலகைக்கும் தனி வயர் இழுத்து 4.85-க்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு சிப் பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறது. எல்இடி எல்லாவற்றுக்கும் ரெசிஸ்டர் போட்டாயிற்று. கவுன்டர் சிப்பையும் மாற்றிப் பார்த்தேன். கவுன்டரில் புது எண்ணை ஏற்றும் லோடு பின்னும் பூஜ்யமாக்கும் கிளியர் பின்னும் 5 வோல்ட்டில்தான் கட்டியிருக்கின்றன, எதிலும் இணைக்காமல் மிதக்கவில்லை.

கிளாக் வயர் மட்டும் எல்லாப் பலகைக்கும் ஒரே நீளமான இழுப்பாகப் போகிறது, எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். என்னிடம் மல்டிமீட்டர் மட்டுமே உண்டு, சிக்னலின் வடிவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லை.

கிளாக்கை 74எல்எஸ்14 ஷ்மிட் டிரிகர் (கலங்கிய சிக்னலைச் சுத்தமாக்கும் சிப்) வழியாக விட்டு, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் இந்தத் தாவல் நிற்குமா?