விசுவமடுவில் ஓர் ஏணை

கிளிநொச்சியிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போவதை முன்பு நாங்கள் ஒரு பயணமாகவே நினைத்ததில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தால் பரந்தன் சந்தியில் திரும்பி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒரே ஓட்டம். வட்டுவாகல் பாலத்தடியில்தான் நிற்பாட்டுவோம், அதுவும் நந்திக்கடல் காற்றுக்காக.

போன வைகாசிப் பொங்கலுக்கு மகளையும் கொண்டு பஸ்ஸில் போனோம். அப்போது அவளுக்குப் பத்து மாதம்.

ஒன்பது மணி பஸ்ஸில் ஏறியதே பிழை. கோயிலுக்குப் போகிற சனம், நிற்க இடமில்லை. ஒரு தம்பி எழும்பி இடம் தந்தான், ஆனால் இடப்பக்க ஜன்னல். காலையில் முல்லைத்தீவுப் பக்கம் போகும்போது வெயில் இடப்பக்கம்தான் அடிக்கும். இத்தனை வருடம் அந்த வீதியால் போய்வந்தும் இதை நான் கவனித்ததே இல்லை. தர்மபுரம் தாண்டியதும் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கினாள். பால் கொடுத்தாலும் முகத்தைத் திருப்புகிறாள். கொண்டக்டர்தான், "அக்கா, விசுவமடுவில இறங்கி ஆறிப் போங்கோ, பின்னால பஸ் வரும்" என்றார். சரி என்று இறங்கிவிட்டோம்.

சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களைக் கண்டதும் எழும்பி வந்தார். பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு கொதிக்குது. கொண்டா பிள்ளை, உள்ளுக்கு வா" என்றார். பின்னால்தான் அவருடைய வீடு. ஈரத்துணியால் துடைத்துவிட்டார், அறைக்கதவைச் சாத்திவிட்டு "ஆறுதலா இருந்து பாலைக் குடு" என்றார். நான் வெளியே வரும்போது பழைய சேலை ஒன்றை எடுத்துக் கூரை வளையில் ஏணை கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு முடிச்சு, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். "என்ர நாலு பேரப்பிள்ளையளும் இதிலதான் கிடந்தவை."

ஒன்றரை மணித்தியாலம் தூங்கினாள். முதல் பஸ் போனபோது என் கணவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டாவது பஸ் போனபோது விரலெல்லாம் பாலைப்பழப் பால் ஒட்ட, அந்த அம்மாவோடு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தரம் கடந்துபோன சந்தியில் அன்றைக்குத்தான் முதன்முதலாக இருந்தோம்.

இப்போது எங்கே போனாலும் ஆறு மணி பஸ்தான். அந்த வீதியென்றால் வலப்பக்க இருக்கை. பையில் சுடுதண்ணிப் போத்தலோடு ஒரு பழைய பருத்திச் சேலையும் இருக்கும். அதை மறந்துவிடாதீர்கள், மறைப்பாகும், விரிப்பாகும், ஏணையாகும். ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு முறிகண்டியில் பஸ் நிற்கும், பிள்ளையை இறக்கி ஆற்றலாம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் அப்படி இல்லை, நாங்களாகத்தான் இறங்கவேண்டும்.

கோயிலுக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. பொங்கல் இரவில்தானே, எதையும் தவறவிடவில்லை. எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீர் விட்டு ஏற்றுகிற விளக்கை அவளைத் தோளில் வைத்துக்கொண்டு கும்பிட்டோம்.

அடுத்த நாள் திரும்பி வரும்போது விசுவமடுவில் இறங்கினோம். ஏணை அப்படியே தொங்கியது.

"இன்னும் அவிழ்க்கேல்லையே அம்மா?"

"நீங்கள் இதாலதானே வருவியள்" என்று பிள்ளையைக் கை நீட்டி வாங்கினார்.