நெப்ராஸ்கா புல்வெளியில் பார்த்த செடி யூக்காவா, அகேவ் வகையா?

கேள்வி:
வணக்கம். ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பகுதியில் நடந்தபோது, புற்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் கொத்தாக வளர்ந்திருந்த ஒரு செடியைப் பார்த்தேன். மடல்கள் விரல் அகலம்கூட இல்லாமல், சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், நுனி ஊசிபோலக் கூர்மையாக இருந்தன. மடலின் வெண்ணிற ஓரத்திலிருந்து மெல்லிய நார்கள் உரிந்து சுருண்டிருந்தன. கிளைக்காத தண்டில் பச்சை கலந்த வெள்ளைப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கின. உடன் வந்தவர் இதை அகேவ், அதாவது ஆனைக்கற்றாழை வகை என்கிறார். எதை வைத்து உறுதி செய்வது?

பதில் 1:
நீங்கள் பார்த்தது யூக்கா கிளாக்கா என்பதில் எனக்கு ஐயமில்லை. கனடாவின் ஆல்பெர்ட்டா தொடங்கி டெக்சாஸ் வரை, வறண்ட புல்வெளிகளில் இயல்பாக வளரும் செடி இது. அகேவின் மடல் பொதுவாகச் சதைப்பற்று மிகுந்தது, ஓரத்தில் பெரும்பாலும் முள் இருக்கும். இதேபோலத் தோன்றும் சோட்டோல் என்ற செடியின் மடல் ஓரத்தில் ரம்பப் பல் உண்டு. உங்கள் செடியிலோ பல்லுக்குப் பதில் நார் இருக்கிறது. யூக்காக்களுக்குள்ளேயே குழப்பம் வருமென்றால், பக்காட்டா இனத்தின் மடல் இதைவிட அகலமானது, நார் தடிப்பானது, காய் சதைப்பற்றுள்ளது. கிழக்குப் பகுதிக்குரிய ஃபிலமென்டோசாவின் பூந்தண்டு நன்கு கிளைக்கும்.

பதில் 2:
மேற்கண்ட பதிலை ஏற்கிறேன். ஆனால் பூ உதிர்ந்த பின்பும் இனம்காண உதவுவது காய்தான் என்பதால், சென்ற ஆண்டின் காய்ந்த தண்டு அருகில் நின்றால் அதையும் பாருங்கள். கிளாக்காவின் காய் மரம்போல இறுகி வெடித்திருக்கும்; உள்ளே தட்டையான கறுப்பு விதைகள் நாணயங்களை அடுக்கியதுபோல ஆறு வரிசைகளாக இருக்கும். காயின் சுவரில் சிறு துளை இருந்தால், அது யூக்கா அந்துப்பூச்சியின் புழு வெளியேறிய வழி. இந்த வெள்ளைப் பூச்சி ஒரு பூவில் மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி, வேறொரு பூவின் சூலகத்தில் முட்டையிட்டபின், அதன் சூல்முடியில் மகரந்தத்தைத் தானே வைத்து அழுத்துகிறது. புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியைத் தின்னும், எஞ்சியவை முளைக்கும். பூச்சியின்றிச் செடிக்குப் பெரும்பாலும் விதையில்லை, செடியின்றிப் பூச்சிக்கு வாழ்வில்லை. வேரில் சபோனின் என்ற, சோப்புபோன்ற பொருள் இருப்பதால் அது தண்ணீரில் நுரைக்கும். சமவெளியின் பூர்வகுடி மக்கள் அதைக்கொண்டு தலைமுடியை அலசினார்கள். அதைச் சோதிக்க எண்ணி வேரைத் தோண்டிவிடாதீர்கள். மடலும் காயுமே போதும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய தண்டில் வெடித்த காய் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் குண்டூசித் தலையளவு துளை ஒன்று தெளிவாகத் தெரிகிறது.