பழைய வீட்டு வெளிச்சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல், மறுபடியும் சிமெண்ட் வைக்கலாமா?

ஆரூர்_மேலவீதி:
எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு, தாத்தா 1936இல் கட்டியது. செங்கல், சுண்ணாம்புக் காரை, முன்கட்டுக்கு நாட்டு ஓடு, பின்கட்டு மட்டும் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தட்டைக் கூரை). அம்மா அங்கே தனியாக இருக்கிறார், நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன். மேற்குச் சுவரில் ஜன்னலின் மேல்மூலையில் தொடங்கி, செங்கல் உடையாமல் காரை வழியாகவே படிப்படியாக ஏறி, கூரை வரை விரிசல் போகிறது. கீழே முடி மாதிரி, மேலே போகப்போக அகலம். போன வருடம் ஒரு மேஸ்திரி வந்து சிமெண்ட் வைத்து அடைத்து, வழவழவென்று பூசி, பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் பூச்சுக்குப் பக்கத்திலேயே புது விரிசல். இப்போது அந்தப் பூச்சைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் டொக் டொக் என்கிறது. இன்னொன்று, சித்திரையில் பார்த்தபோது மேல்பக்கம் இரண்டு ஏடிஎம் கார்டு சேர்ந்து உள்ளே போனது, கார்த்திகையில் போனபோது ஒன்றே இடித்துக்கொண்டுதான் நுழைந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டு என்கிறார்கள். அம்மாவுக்கு மனசில்லை, எனக்கும்தான். ராத்திரி சாந்து உதிர்கிற சத்தம் கேட்கிறது என்று அவர் போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

சிவில்_மதுரை:
தம்பி, இடிக்கிற பேச்சை இப்போதைக்கு விடுங்கள். அந்த ஏடிஎம் கார்டு கணக்கு ஒன்றே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. ஒரு கார்டு சுமார் முக்கால் மில்லிமீட்டர், ஆக உங்கள் விரிசல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை திறந்து, சுமார் முக்கால் மில்லிமீட்டருக்கு மூடுகிறது. கோடையில் திறந்து மழைக்கு மூடுகிறது என்றால் டெல்டா களிமண்ணின் வேலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும், மேலே இருக்கிற அஸ்திவாரமும் கூடவே ஏறி இறங்கும். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் பெரும்பாலும் சுவரின் ஓரப்பக்கம், அதாவது மூலை, கீழே இறங்குகிறது என்று அர்த்தம். மூலை ஆடுகிறவரை நீங்கள் சிமெண்ட் வைத்தாலும் வேறு எதை வைத்தாலும் பிளக்கத்தான் செய்யும். இரண்டு கேள்வி: மேற்கு மூலையில் கூரைத் தண்ணீரோ கொல்லைத் தண்ணீரோ எங்கே விழுகிறது? பக்கத்தில் பெரிய மரம் இருக்கிறதா?

ஆரூர்_மேலவீதி:
சார், அம்மாவிடம் வீடியோ காலில் சுற்றிக் காட்டச் சொன்னேன். கூரைத் தண்ணீர்க் குழாய் இடுப்பு உயரத்தில் உடைந்து, நேராகச் சுவரடியில் கொட்டுகிறது. அந்த இடத்தில் ஒரு குழியே விழுந்திருக்கிறது. துணி துவைக்கிற கல்லின் தண்ணீரும் அங்கேதான் போய்த் தேங்குகிறது. பத்தடி தள்ளி ஒரு பெரிய வேப்பமரம். இதை இத்தனை வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

சிவில்_மதுரை:
அப்படியென்றால் முதல் செலவு சுவருக்கு இல்லை, தண்ணீருக்கு. குழாயை மாற்றி, தண்ணீரை வீட்டை விட்டுத் தூரமாகக் கொண்டுபோங்கள். குழியை மண் போட்டு நன்றாகத் திமிசுகட்டையால் இடித்து, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டவேண்டாம். அது இத்தனை நாள் உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் ஒரேயடியாக மண்ணில் தங்கினால் களிமண் உப்பி, சுவரைத் தூக்கும். கிளையைக் கழித்துக் கட்டுக்குள் வையுங்கள், போதும்.

அப்புறம் விரிசலை ஒரு வருடம் கவனியுங்கள். இரண்டு பக்கமும் பென்சிலில் ஒரு புள்ளி, நடுவில் உள்ள தூரம், தேதி, இவ்வளவுதான். மூன்று இடத்தில் வையுங்கள், மாதம் ஒருமுறை அளந்தால் போதும். சுவர் மீது தூக்குக்குண்டு விட்டு வெளியே தள்ளியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் புடைத்திருந்தாலோ, விரிசல் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, மூடாமல் திறந்துகொண்டே போனாலோ, கதவு திடீரென்று இடித்தாலோ, அம்மாவை அந்த அறையில் படுக்கவிடாதீர்கள், உடனே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் கூப்பிடுங்கள். படம் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை அது.

காரைக்குடி_கொத்தனார்_மகன்:
அண்ணா, அந்தச் சிமெண்ட் பூச்சை எடுத்துவிடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஆணியால் பழைய காரையைக் கீறினால் மாவு மாதிரி உதிரும், நடுநடுவே வெள்ளைக் கட்டி தெரியும், அது சுண்ணாம்பு. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடுகிற சுவர். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டு மூடினால் கீழிருந்து ஏறுகிற ஓதம் வெளியே போக வழியில்லாமல், உப்பு உள்ளேயே பூத்து செங்கலின் முகத்தையே தள்ளிவிடும். நீங்கள் கேட்ட டொக் டொக் சத்தம், பூச்சு சுவரை விட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். எங்கள் அப்பா பூச்சைக் கரணைக் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, விட்ட இடத்தைச் சுற்றிக் கரிக்கோடு போடுவார், அந்தக் கோட்டுக்குள் இருப்பதைத்தான் முதலில் கொத்துவார்.

அடைக்கிற காலம் வந்ததும் விரிசலில் உதிர்கிற காரையை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்துவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. மணலில் கொஞ்சம் குறைத்துச் செங்கல் தூள் சேர்த்தால் ஈரமான இடத்தில் இறுகும். எங்கள் பக்கம் கடுக்காயை நசுக்கி ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பார்கள். ஒரேயடியாகத் திணிக்காமல், அரை அங்குலம் வைத்து, இறுகவிட்டு, மறுபடி வைக்கவேண்டும். மேலே நனைந்த சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் பார்க்கவேண்டும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றித் தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், கண்ணாடி போடாத ஆளை வேலைக்கு விடாதீர்கள். உடைந்த செங்கல் இருந்தால் எடுத்துவிட்டு, விரிசலின் இரண்டு பக்கமும் கடித்துப் பிடிக்கிற மாதிரி முழுச்செங்கலைக் குறுக்கே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கடைசியில் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளைதான்.

குடந்தை_வாசகி:
எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவர் விரிசலில் ஒரு அரசங்கன்று, இரண்டு இலைதான் இருந்தது. மூன்று வருடம் மேலே மட்டும் ஒடித்துக்கொண்டிருந்தோம், உள்ளே வேர் விரல் தடிமனுக்கு ஓடிவிட்டது, கடைசியில் நாலு வரிசை செங்கலைப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. உங்கள் விரிசலில் எந்தச் செடி தலைகாட்டினாலும் அன்றைக்கே வேரோடு பார்த்துவிடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்றால், கோவில் திருப்பணி செய்கிறவர்களிடம் விசாரியுங்கள், எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தார்கள்.

ஆரூர்_மேலவீதி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊருக்கு வந்துவிட்டேன். குழாய் மாற்றியாயிற்று, துவைக்கிற கல்லைக் கொல்லைக் கோடிக்கு நகர்த்தியாயிற்று. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம், சுவர் நேராகத்தான் நிற்கிறது. அம்மாவின் கட்டிலை இருந்தாலும் கிழக்கு அறைக்கு மாற்றிவிட்டேன். மூன்று இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன், மேலே இருக்கிற இரண்டு புள்ளிக்கும் நடுவில் இன்று 14 மில்லிமீட்டர் தூரம், தேதியை அம்மாவே தன் கையெழுத்தில் சுவரில் எழுதினார். அடுத்த மாதம் அளந்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.