முட்புதரை அழித்து மியாவாக்கி காடு: எங்கள் கல்லூரிக்கு இது தேவையா?

நிழல்விரும்பி:
செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வளாகத்தின் பின்புறம் ஓர் ஏக்கர் முட்புதர் சும்மா கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து மியாவாக்கி காடு வளர்க்க முடிவாகியிருக்கிறது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை இது. சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு நாட்டு மரக்கன்றுகளை நெருக்கி நடுவார்கள். வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு அவை வேகமாக உயரும். இரண்டு மூன்று வருஷம் பார்த்துக்கொண்டால் போதும். சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் இதைச் செய்திருக்கிறது. கூடவே விடுதி மொட்டைமாடியில் சூரியத் தகடுகளும் வரப்போகின்றன. பழைய மாணவர்கள் சிலர் காட்டுத் திட்டத்தை எதிர்க்கிறார்கள். மரம் நடுவதை ஏன் எதிர்க்க வேண்டும்?

களாக்காய்:
எதிர்ப்பவர்களில் நானும் ஒருத்தி சார். உங்கள் கல்லூரியில்தான் படித்தேன். அந்த ஓர் ஏக்கர் சும்மா கிடக்கவில்லை. களா, காரை, சூரை, விராலி, வெப்பாலை என்று இந்த மண்ணுக்கே உரிய குறுங்காடு அது. பங்குனி வெயிலில் மனிதர் யாரும் தண்ணீர் ஊற்றாமல் உயிரோடு இருக்கிறதே, அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடி கிண்டிக் காட்டிலிருந்து பிரித்த நிலத்தில் இருக்கிறது. அங்கே வெளிமான் இன்னும் திரிகிறது. வெளி என்றால் திறந்த நிலம். எல்லா இடத்தையும் மரத்தால் நிரப்பினால் அந்த மான் எங்கே போகும்? நம் புதரில் மான் இல்லை, சரி. ஆனால் கவுதாரியும் கீரியும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன்.

நிழல்விரும்பி:
நீங்கள் பார்த்த காலம் வேறம்மா. இப்போது அதில் பாதி சீமைக்கருவேலம். மீதியில் உடைந்த பாட்டிலும் கட்டட இடிபாடும் கிடக்கின்றன. பாம்பு வருகிறது என்று விடுதியிலிருந்து புகார் வராத மாதமில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஆய்வகத்துக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. களாச் செடி நிழல் தருமா? தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கரை எல்லோரும் புகழ்கிறோம். அங்கேயும் மனிதர்கள் நட்டு வளர்த்த மரங்கள் உண்டு.

களாக்காய்:
உண்டு. அங்கே குறுங்காட்டையும் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வாதம்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்றால் 12,000 கன்று. கன்றுக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் ஒரு நாளைக்கு 24,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிக் கிடந்தன. அப்போது நான் விடுதியில் இருந்தேன். காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். அப்படி ஒரு கோடை திரும்ப வந்தால் முதலில் கன்றுக்கா, மாணவருக்கா?

சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஜேசிபி விட்டு மண்ணைக் கிளறினால், புதைந்து கிடக்கும் அதன் விதைகள்தான் முதலில் முளைக்கும். ஆள் வைத்து ஒவ்வொன்றாக வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். மெதுவான வேலைதான்.

நிழல்விரும்பி:
குடிநீரை யார் ஊற்றச் சொன்னது? விடுதிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் இப்போது வீணாகச் சாக்கடைக்குத்தான் போகிறது. அதைத் திருப்பிவிட்டால் முடிந்தது.

பழைய ரெகுலேட்டர்:
வேறொரு கல்லூரியில் மின்பராமரிப்பு பார்க்கிறேன், பதினொரு வருஷமாக. காட்டைப் பற்றிப் பேச எனக்கு அறிவு போதாது. சூரியத் தகடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.

விடுதியில் ஆயிரம் மின்விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி, அதாவது மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்தது, 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒன்றுக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆயிரத்துக்கு 540 யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். ஆக விசிறியை மாற்றுவது 135 கிலோவாட் தகடு போடுவதற்குச் சமம். செலவும் அதைவிடக் குறைவு, மாடியில் இடமும் வேண்டாம். தகடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் விசிறியை மாற்றுங்கள், அப்புறம் எத்தனை தகடு தேவை என்று கணக்குப் போடுங்கள். ஆனால் விசிறி மாற்றியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதனால்தான் நடக்க மாட்டேன் என்கிறது.

மெஸ் கமிட்டி:
சார், நான் நிழல்விரும்பி சார் கல்லூரியில்தான் மூன்றாம் ஆண்டு. மெஸ்ஸையும் இதில் சேருங்கள். நாங்கள் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தோம். மிச்சச் சோறு, குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 100 கிலோ அளவில் குப்பைக்குப் போகிறது. சாண எரிவாயுக் கலன் மாதிரி ஒன்று வைக்கலாமே?

பழைய ரெகுலேட்டர்:
எங்களிடம் ஒன்று இருந்தது தம்பி. 100 கிலோ உணவுக் கழிவு நான்கைந்து கிலோ சிலிண்டர் வாயுவுக்கு ஈடாகும், அவ்வளவுதான். 19 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்த நான்கு நாள் ஆகும். எலுமிச்சைத் தோல் நிறைய விழுந்து புளித்துப்போனால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். எங்கள் கலன் அப்படித்தான் நின்றுபோனது. தினமும் பார்க்க ஓர் ஆள் இருந்தால் வையுங்கள். அதற்கு முன்னால், முந்தின ராத்திரியே யார் யார் சாப்பிட வருகிறார்கள் என்று பெயர் வாங்குங்கள். அந்த அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு விவசாயியின் தண்ணீர் இருக்கிறது. வீணானபின் வாயு எடுப்பதைவிட வீணாக்காமல் இருப்பது பெரிது.

நிழல்விரும்பி:
விசிறிக் கணக்கை நாளைக்கே முதல்வரிடம் கொடுக்கிறேன். காடு விஷயத்தில் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. இடிபாடு கொட்டிய மேற்கு ஓரம் செத்த மண்தான், அங்கே நடுவதில் ஒரு நட்டமும் இல்லை. ஆய்வகப் பாதையிலும் மரம் வேண்டும்.

களாக்காய்:
மேற்கு ஓரத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பாதைக்குப் புங்கம் வையுங்கள், கோடையிலும் நிழல் தரும். குல்மொஹர் மட்டும் வேண்டாம். 2016 வர்தா புயலில் அவை எப்படிச் சாய்ந்தன என்று சென்னையில் எல்லோரும் பார்த்தோம். மிச்சப் புதரைத் தொடுவதற்கு முன் என்னென்ன செடி இருக்கிறது என்று ஒரு தடவையாவது எழுதிவைப்போம். ஜேசிபி எப்போது வருகிறது சார்?

நிழல்விரும்பி:
திங்கட்கிழமை.

களாக்காய்:
அப்படியானால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன். வாசலில் சொல்லிவையுங்கள். தம்பி, நீங்களும் நான்கு பேரைக் கூட்டி வாருங்கள், சிவப்புத் துணி கொஞ்சம் கிழித்துக்கொண்டு. வெட்டக் கூடாத செடிகளில் கட்டிவிடுவோம்.

மெஸ் கமிட்டி:
ஆறு பேர் வருகிறோம் அக்கா.