'வெள்ளிக்குள்', 'வெள்ளி வரை': எங்கே பை, எங்கே அன்டில்?

மின்மினி (கேள்வி):
ஆபீஸ் மெயிலில் "ஐ வில் செண்ட் தி ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதினால் தப்பு, 'பை ஃப்ரைடே' என்றுதான் எழுதணும் என்கிறார்கள். ஆனால் "யூ ஹேவ் அன்டில் ஃப்ரைடே" மட்டும் சரியாம். ரெண்டிலும் கெடு அதே வெள்ளிக்கிழமைதானே? எதை வைத்துப் பிரிப்பது?

சுங்குடி:
கெடுவைப் பார்க்காதீங்க, வினைச்சொல்லைப் பாருங்க. அனுப்புவது, முடிப்பது, போய்ச் சேர்வது, பணம் கட்டுவது எல்லாம் ஒரு தடவை நடந்து முடிகிறவை. அதற்கு 'பை'. காத்திருப்பது, தங்குவது, கடை திறந்திருப்பது இதெல்லாம் நீண்டுகொண்டே போகிற நிலை. அதற்கு 'அன்டில்'. "யூ ஹேவ் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளி வரைக்கும் டைம் இருக்கு என்று அர்த்தம். டைம் 'இருப்பது' நீள்கிற நிலை, அதனால் அங்கே அன்டில்.

இந்தப் பிரிவு நம்ம பேச்சிலேயே இருக்கு. "அஞ்சு மணிக்குள்ள வந்துடறேன்" என்போம், "அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்" என்போம். "அஞ்சு மணி வரைக்கும் வந்துடறேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம். நீங்க எழுதின வாக்கியம் ஆங்கிலக்காரர் காதில் அப்படித்தான் விழும்: வெள்ளிக்கிழமை வரை ரிப்போர்ட்டை அனுப்பிக்கிட்டே இருப்பேன்! சந்தேகம் வந்தால் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்க. '-க்குள்ள' வந்தால் பை, 'வரைக்கும்' வந்தால் அன்டில்.

இது காலை வாரிவிடும் இடம் ஒண்ணு உண்டு. "ரெண்டு நாளுக்குள்ள" என்பதை 'பை டூ டேஸ்' என்று எழுதக் கூடாது. பை-க்குப் பக்கத்தில் ஒரு நாளோ மணியோ வரணும், கால அளவு வரக் கூடாது. அளவுக்கு 'வித்தின் டூ டேஸ்'. அதையே "ஐ வில் கால் யூ இன் டூ டேஸ்" என்று எழுதினால், ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடுவேன் என்று ஆகிவிடும்.

கல்தச்சர்:
மேலே சொன்னதோடு 'பை தி டைம்' சேர்த்துக்கோங்க. அது அப்படியே நம்ம '-றதுக்குள்ள'. "நாங்க போறதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு": "பை தி டைம் வீ காட் தேர், தி பஸ் ஹேட் லெஃப்ட்." முந்தி நடந்தது பஸ் கிளம்பினது, அதனால் 'ஹேட்' அந்தப் பாதியில்.

அன்டில்-க்குப் பின்னாடி ரெண்டு பிழை அடிக்கடி வரும். 'அவர் வரும் வரை' என்பதில் உள்ள 'வரும்' எதிர்காலம் மாதிரி தெரிவதால் "வெயிட் அன்டில் ஹீ வில் கம்" என்று வில் நுழைந்துவிடும். "அன்டில் ஹீ கம்ஸ்" போதும். இன்னொன்று, 'பணம் கட்டாத வரை ரசீது கிடையாது' என்று மனசில் நினைத்து "அன்டில் யூ டோன்ட் பே" என்று எழுதுவது. அன்டில்-க்குள்ளேயே 'அதுவரை இல்லை' அடங்கியிருக்கு. "யூ வோன்ட் கெட் தி ரிசீப்ட் அன்டில் யூ பே" என்று முன்பாதியில் மட்டும் மறுத்தால் போதும்.

ஸ்பெல்லிங்கும் கவனிங்க: டில் என்பதில் ரெண்டு எல், அன்டில் என்பதில் ஒரே எல்.

மின்மினி:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. "தி கவுண்டர் டஸன்ட் ஓபன் அன்டில் டென்" என்று போர்டில் பார்க்கிறோமே. திறப்பது ஒரு தடவை நடப்பதுதானே, அங்கே ஏன் அன்டில்?

சுங்குடி:
நல்ல கேள்வி. திறப்பது ஒரு தடவைதான், ஆனால் திறக்காமல் இருப்பது பத்து மணி வரை நீளுதே! மறுத்துச் சொன்னதும் அது நிலையாகிவிடும். தமிழில் இதுக்கு நேர்ச் சொல் '-தான்': கவுண்டர் பத்து மணிக்குத்தான் திறக்கும். "ஹீ டிடின்ட் ரிப்ளை அன்டில் மண்டே" என்றால் திங்கட்கிழமைதான் பதில் போட்டார், அதாவது பதில் வந்துவிட்டது. "பை மண்டே" என்று இருந்தால் திங்களுக்குள் பதில் போடவில்லை என்பது மட்டும்தான் செய்தி, அப்புறம் போட்டாரா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

கல்தச்சர்:
லீவ் மெயிலுக்கு ஒரு வார்த்தை. "ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமை வருவீங்களா, அன்றைக்கும் லீவா என்று படிப்பவருக்குப் புரியாது. அமெரிக்கர்கள் 'த்ரூ ஃப்ரைடே' என்பார்கள், அதில் வெள்ளியும் சேர்த்தி. யார் படித்தாலும் குழம்பாமல் இருக்க "ஐ வில் பி பேக் ஆன் மண்டே" என்று திரும்பி வரும் நாளை எழுதிடுங்க.