மஞ்சள் கடவையில் ராணி மாமி

குழு: நல்லூர் வீட்டார்

செவ்வாய்க்கிழமை

ராணி (மாலை 4:10): பிள்ளைகளே, இன்று இந்தச் சூரிச் நகரத்தில் ஒரு பாவம் செய்துவிட்டேன்.

பாலன்: அம்மா, போய் ஒரு கிழமைகூட ஆகவில்லையே!

ராணி: தம்பி வீட்டுக்கு முன்னால் தெருவில் ஆட்கள் கடப்பதற்கு மஞ்சள் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் நின்று கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

தர்சினி: பிறகு?

ராணி: பிறகென்ன, வெட்கத்தில் கடந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வரவேண்டுமே, மறுபடியும் ஓரத்தில் நின்றேன். இந்த முறை நின்றது ஒரு குப்பை லொறி. கையெடுத்துக் கும்பிட்டேன். சாரதி சிரித்தார்.

வசந்தி: மச்சாள், கறிவேப்பிலைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று இப்போதுதான் விளங்குகிறது.

சிவம்: அக்கா, அவர்கள் நிற்பது தயவினால் அல்ல, சட்டத்தினால். கடவையில் கால் வைத்தவருக்கு மட்டுமல்ல, கடக்கப்போகிறார் என்று தெரியும்படி ஓரத்தில் நிற்பவருக்கும் இங்கே வழிவிட்டே ஆகவேண்டும். நான் 1985 இல் வந்தபோது நிலைமை வேறு. கையைக் காட்டி நம் எண்ணத்தைத் தெரிவிக்கவேண்டும். 1994 இல் சட்டத்தை மாற்றினார்கள். அதன் பிறகு கை தேவையில்லை, நின்றாலே போதும்.

பாலன்: மாமா வகுப்பைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் கொப்பியை எடுங்கள்.

ராணி: அப்படியானால் நாளை முதல் கடவைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வாகனமும் வராத நேரம் பார்த்துக் கடக்கிறேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது.

சிவம்: அதுவும் முடியாது அக்கா. 50 மீட்டருக்குள் கடவை இருந்தால் அந்தக் கடவையில்தான் கடக்கவேண்டும். இன்னொன்று, இங்கே வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன. முதலில் இடப்பக்கம் பாருங்கள். நீங்கள் யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு இறங்குவதை நேற்றுப் பார்த்தேன்.

பாலன்: இங்கே கொழும்பில் இப்போது வெள்ளை பூசிய இடத்தையும் நாங்கள் மஞ்சள் கடவை என்றே சொல்கிறோம். அம்மா உண்மையான மஞ்சளைப் பார்க்கச் சுவிஸுக்குப் போகவேண்டியிருக்கிறது.

வசந்தி (மாலை 4:31): இதற்கே இப்படி என்றால், கவின் போன வெள்ளிக்கிழமை

வசந்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தர்சினி: மாமி, பார்த்துவிட்டேன்.

பாலன்: நானும்.

கவின் (மாலை 5:02): அம்மா!!

கவின்: சரி, நானே சொல்லிவிடுகிறேன். வாகனம் ஓட்டும் பரீட்சையில் தோற்றுவிட்டேன். காரணம் ஒரு மஞ்சள் கடவை.

ராணி: ஐயோ தம்பி, யாரையும் இடித்துவிட்டாயா?

கவின்: இல்லை மாமி. பாலர் வகுப்புக்குப் போகும் ஒரு சின்னப் பெண் நின்றாள். இங்கே அந்த வயதுப் பிள்ளைகள் கழுத்தில் செம்மஞ்சள் நிறத்தில் முக்கோணமாக ஒரு பட்டி போட்டிருப்பார்கள், தூரத்திலேயே தெரியும். நானும் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். நடைவேகத்துக்கே வந்துவிட்டேன். சிரித்துக்கொண்டு கையால் ‘போ, போ’ என்று காட்டினேன். அவள் அசையவில்லை. மறுபடியும் காட்டினேன். குனிந்து என் காரின் கீழே எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். போக விருப்பமில்லை போலும் என்று நினைத்து நான் மெல்ல நகர்ந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பரீட்சகர் பிரேக்கை மிதித்துவிட்டார். அதோடு முடிந்தது.

பாலன்: கை காட்டி வழிவிட்ட பிள்ளையையா தோற்கடித்தார்கள்? இதைவிட மரியாதை என்ன வேண்டும்?

கவின்: நானும் அதையேதான் கேட்டேன் மச்சான். ‘அவள் உன் கையைப் பார்க்கவில்லை, உன் சக்கரத்தைப் பார்த்தாள்’ என்றார். பொலிஸார் இங்கே பாடசாலைக்கே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. சக்கரம் முழுதாக நின்ற பிறகுதான் காலெடுத்து வைக்கவேண்டும். நானும் ஆறு வயதில் அதைப் படித்தவன்தான். காருக்குள் ஏறியதும் மறந்துவிட்டேன்.

பாலன்: கொழும்பின் காலி வீதியில் வந்து சக்கரம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் வெள்ளவத்தையிலேயே கிழவனாகிவிடவேண்டியதுதான். இங்கே கையை நீட்டிக்கொண்டே இறங்கவேண்டும். கை இல்லாவிட்டால் கடவையும் இல்லை.

தர்சினி (மாலை 5:20): அண்ணா, நீங்கள் சொல்வது நடப்பவரின் கை. கவின் காட்டியது சாரதியின் கை. இரண்டும் ஒன்றல்ல. பிரித்தானியாவின் வீதி விதிநூலில், கை காட்டியோ லைட் அடித்தோ ஹோர்ன் அடித்தோ கடப்பவரை அழைக்கவேண்டாம் என்று எழுதியே இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் அதைத் திருத்தியபோது, கடவை ஓரத்தில் காத்து நிற்பவருக்கும் வழிவிடுங்கள் என்பதைச் சேர்த்தார்கள். கை காட்டச் சொல்லவில்லை.

பாலன்: ஏனாம்?

தர்சினி: எனக்கு நடந்ததையே சொல்கிறேன். இங்கே லண்டன் ஹரோவில் ஒரு மழை நாள். குடையோடு நின்ற ஒரு வயதானவருக்குக் கை காட்டினேன். நான் நிற்பதை மட்டும் நம்பி அவர் நேரே நடந்தார், வேறு எங்கும் பார்க்கவில்லை. என் காருக்கு இடப்பக்கத்தால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. குடையின் கம்பி முனை அந்தப் பையனின் சட்டையில் உரசிப் போனது. அவ்வளவுதான் இடைவெளி. என்னால் என் காரைத்தான் நிறுத்த முடியும். அந்தச் சைக்கிளுக்கும் சேர்த்து நான் ‘வாருங்கள்’ என்று சொல்லிவிட்டேன்.

பாலன்: ம்.

பாலன்: சரி, இது இங்கேயும் தினமும் நடக்கிறது. பஸ்காரன் பெருந்தன்மையாக நிறுத்திக் கை அசைப்பான். அந்த பஸ்ஸின் மறைவில் இருந்து ஓட்டோ ஒன்று வரும். கடப்பவருக்கு ஓட்டோ தெரியாது, ஓட்டோக்காரனுக்குக் கடப்பவர் தெரியாது. பஸ்காரனுக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

சிவம்: அதனால்தான் கடவைக்கு முன்னால் நிற்கும் வாகனத்தை முந்தக்கூடாது என்று பல நாடுகளிலும் சொல்கிறார்கள். கவின், வெள்ளிக்கிழமை நீ என்னிடம் சொன்ன காரணம் ‘பார்க்கிங் சரிவரவில்லை’ என்பதல்லவா?

கவின்: அப்பா, அதுவும் சரிவரவில்லை.

புதன்கிழமை

ராணி (காலை 10:15): இன்று ஒரு வாகனம் நிற்கவில்லை. ட்ராம். மணியை அடித்துக்கொண்டே வந்தது. நான் பின்னால் பாய்ந்துவிட்டேன். சட்டம் என்றாயே தம்பி?

சிவம்: அக்கா!! ட்ராமைச் சொல்ல மறந்துவிட்டேன், என் பிழைதான். மஞ்சள் கடவையிலும் ட்ராமுக்குத்தான் முதலிடம். தண்டவாளத்தில் ஓடும் அவ்வளவு பாரத்தைச் சட்டென்று நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் உள்ளே நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். மணி கேட்டால் நின்றுவிடுங்கள். காரும்கூட மிகக் கிட்ட வந்துவிட்டால் இறங்கக்கூடாது, அதுவும் சட்டத்தில் இருக்கிறது.

ராணி: நேற்றே இதைச் சொல்லியிருக்கலாம். எல்லாம் எனக்காக நிற்கும் என்று ஒரு மகாராணியைப் போல இறங்கினேன்.

வசந்தி: கால் ஒன்றும் பிசகவில்லையே மச்சாள்? வந்ததும் தேநீர் போடுகிறேன்.

ராணி: கால் நன்றாக இருக்கிறது. மானம்தான் போய்விட்டது. ட்ராமுக்குள் இருந்து ஒரு நாய்கூடப் பார்த்தது.

கவின் (காலை 11:40): மாமி, நாளை பின்னேரம் எனக்குப் பயிற்சி இருக்கிறது. கார் கூரையில் நீல நிறத்தில் எல் போட்ட பலகை இருக்கும். பயிற்றுநர் நம் தெருவால்தான் கூட்டிப்போவார். கடவை ஓரத்தில் நின்று கண்ணாடியைத் தேடவேண்டாம், தயவுசெய்து.

ராணி: எத்தனை மணிக்கு?

கவின்: மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்.

ராணி: சரி, மூன்றரைக்கு நிற்கிறேன். முழுதாக நிறுத்து, நான் சக்கரத்தைத்தான் பார்ப்பேன்.